ஓடாத நேரம்

எட்டு வாரம் முன்பு
வயதைக் கேட்டது. நாற்பத்தாறு என்றேன்.
எடையைக் கேட்டது. மூன்று கிலோ மறைத்தேன்.
சொன்னதை நம்பி ஒரு அட்டவணை போட்டது:
செவ்வாய் மெதுவாக,
வியாழன் விட்டு விட்டு வேகமாக,
ஞாயிறு நீளமாக.
மறைத்த மூன்று கிலோவும்
ஒவ்வொரு மேட்டிலும் என்னோடு ஏறி வந்தன.

பேருந்து ஓட்டுகிறவள் நான்.
மொந்தேவிதேயோவின் மேற்கு முனையிலிருந்து
கிழக்கு முனைக்கு, நாளொன்றுக்கு ஆறு நடை.
தலைக்கு மேல் எப்போதும் ஒரு செயற்கைக்கோள்.
சக்கர நாற்காலிக்குப் பலகை இறக்கிய இரண்டு நிமிடம்
மாலையில் அலுவலகத் திரையில் சிவப்பாய் எரியும்.
தாமதம் என்று பெயர்.
காரணம் எழுத அங்கே கட்டம் கிடையாது.

வேலை முடிந்து சீருடை கழற்றி
கரையோரச் சாலையில் இறங்குவேன்.
வலப்புறம் ஆறு. பெயரளவில் ஆறு;
மறுகரை வேறு நாட்டில் இருக்கிறது,
தண்ணீர், பால் குறைந்த தேநீர் நிறம்.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை இடுக்கி
மாத்தே உறிஞ்சியபடி நால்வர் நால்வராக நடப்பவர்கள்
வழிவிட மாட்டார்கள்.
என்னிடம் ஹாரனும் இல்லை.

காதுக்குள் அந்தப் பெண்.
மாட்ரிட் உச்சரிப்பு, எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.
"இரண்டு கிலோமீட்டர். ஏழு நிமிடம் முப்பது.
இதயத்துடிப்பு நூற்று அறுபத்தெட்டு.
இன்று மெதுவாக ஓட வேண்டிய நாள், நேலிதா."
மெதுவாகத்தானே ஓடுகிறேன், தாயே,
இதற்கும் மெதுவாக என்றால்
அதற்குப் பெயர் வீட்டில் இருப்பது.

தெற்கிலிருந்து பம்பேரோ அடிக்கும் நாளில்
ஆடு மாதிரி முட்டி முட்டி ஓடுவேன்.
"வேகம் குறைந்துள்ளது" என்பாள்.
திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளும்.
"அருமை" என்பாள்.
இரண்டையும் நம்பாமலிருக்க ஐந்து வாரம் பிடித்தது.

போன ஞாயிறு பத்து கிலோமீட்டர்.
முடித்ததும் திரையில் இரண்டு எண்கள்.
ஓடிய நேரம்: ஒரு மணி பதினான்கு.
மொத்த நேரம்: ஒரு மணி முப்பத்தேழு.
நான் நின்றால் அதுவும் நின்றுவிடுமாம்.
மறுபடி கால் எடுக்கும்வரை
எதையும் எழுதாதாம்.

இருபத்து மூன்று நிமிடம்!
கருங்கல் சுவரில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

புசேயோ படகுத்துறை அருகே விலாப்பிடிப்பு, அது மூன்று.
ஷூ நாடா ஒன்று.
சிவப்பு விளக்குகள் எத்தனையோ.
பிறகு அந்த மீன் பிடிக்கிற ஆள், வால்தெமார்.
தூண்டில் கயிறு பாறையில் மாட்டிக்கொள்ள
"சேன்யோரா, ஒரு கை கொடுங்கள்" என்றான்.
இருவருமாய் இழுத்தோம்.
விடுபட்ட கயிற்றின் நுனியில் ஒரு கொர்வினா,
வெள்ளி வயிறு படபடக்க.
அவனே எதிர்பார்க்கவில்லை.
மாத்தேயை நீட்டினான், நாக்கு சுடுகிற கசப்பு.
குடித்து முடிப்பதற்குள் வேர்வை காய்ந்துவிட்டது.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:
"ஜூலையில், கொட்டுகிற மழையில்,
பின்னால் ஓடிவந்த ஒருவனுக்காக
வண்டியை நிறுத்தினீர்களே."

எனக்கு நினைவில்லை.
அலுவலகத்துக்கு இருக்கும்:
நாற்பது நொடி, சிவப்பு.

அங்கே நின்றால் குற்றம்.
இங்கே நின்றால்
நின்றதே இல்லை.

அமைப்புகளுக்குள் துழாவி
மூன்றாம் பக்கத்தின் அடியில் அந்தப் பொத்தானைப் பிடித்தேன்.
அணைத்தேன்.
செவ்வாயன்று வால்தெமாரிடம் நின்றேன், நாய்க்குட்டி ஒன்றிடம் நின்றேன்,
ஒன்றுமில்லாமலும் கொஞ்சம் நின்றேன்.
"கிலோமீட்டருக்குப் பதினொரு நிமிடம்,
உங்கள் உடற்திறன் சரிகிறது" என்றாள், உண்மையான கவலையோடு.
சிரிப்பில் துடிப்பு நூற்று எழுபதுக்குப் போயிற்று.
அதைக் குறித்துக்கொண்டாள்.

நவம்பரில் பந்தயம். இன்னும் மூன்று வாரம்.
வியாழக்கிழமைகளை விடப்போவதில்லை;
அந்த விஷயத்தில் அவள் சொல்வது சரிதான், மூச்சு முன்போல் இரைவதில்லை.

நேற்றிரவு எடையையும் திருத்தினேன்.
கூட்ட வேண்டியிருந்தது
இரண்டு கிலோ.
மூன்று அல்ல.